விடு என்றொரு மூட்டை

ஒய்யா என்னா என்று கேட்டுவிட்டு அது பாட்டுக்கு நிற்கிறது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, கடைசியில் ஒரு சின்னக் கட்டம் மினுங்கி அணைந்து மினுங்கி அணைந்து. தூங்குகிற பிள்ளையின் வயிறு மாதிரி ஏறி இறங்குகிறது என்று சொல்லலாம், சொன்னால் பொய், அதற்கு வயிறும் கிடையாது தூக்கமும் கிடையாது, நான் பதில் சொல்கிறவரை எத்தனை வருஷமானாலும் இப்படியே கேட்டுக்கொண்டு நிற்கும். இவ்வளவு பொறுமை உள்ளதைக் கண்டாலே எனக்கு ஆகாது. யாரும் பயன்படுத்தாமல் கிடப்பதையெல்லாம் அழித்துவிடவா, நிச்சயமா, என்கிறது. ஆமாம் என்றால் ஒய். வேண்டாம் என்றால் என். ஒய் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தால் ஏன் என்று கேட்கிற மாதிரி இருக்கிறது. என் என்று சொன்னால் என்னுடையது என்று யாரோ கையை இழுத்துக்கொள்கிற மாதிரி. ஏன், என், ஏன், என். கீழே வாட்டர் சர்வீஸ் கடையில் பைக்குக்குத் தண்ணீர் அடிக்கிறார்கள், அந்தச் சத்தம் தரை வழியாக ஏறி நாற்காலிக் காலுக்கு வந்து என் முதுகுத்தண்டுக்குள் போகிறது. மத்தியான வெயிலில் ஜன்னல் கண்ணாடி முழுக்க வெள்ளையாக இருக்கிறது, வண்ணார்பேட்டை வெளியே இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை, இந்த அறை மட்டும் எங்கேயோ தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது, காற்றாடி மேலே ஒரு சோம்பேறி மீன் மாதிரி சுற்றுகிறது. ஆபீசில் நான் மட்டும்தான். மற்ற எல்லாரும் செல்வின் அண்ணன் கல்யாணத்துக்கு நாசரேத் போயிருக்கிறார்கள். மிஷினைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று அருள்தாஸ் சார் சொன்னார், சார்தான் முதலாளி, அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் இருக்கேன் என்றேன். தியாகம் எல்லாம் இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்காருகிற பொம்பளை, என்ன படிக்கம்மா என்று கேட்பாள், படிக்கல என்றால் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டு ஏன் என்பாள். அதற்கு இந்தக் காற்றாடி தேவலை.

படிக்கல, அவ்வளவுதான். வீட்டில் கஷ்டமா என்பார்கள், கிடையாது. யாராவது பின்னால் சுற்றினானா என்பார்கள், ஒருத்தனும் சுற்றவில்லை. பிளஸ் டூ பாதியில் ஒரு நாள் இயற்பியல் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன், போர்டில் எழுதியதையே மறுபடி எழுதிக்கொண்டிருந்தார்கள், எழுந்து வந்துவிட்டேன், மறுநாள் போகவில்லை. அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் சென்டர், அங்கே பாடம் எடுக்க வந்த செல்வின் அண்ணன், அவர் சொல்லி இந்த ஆபீஸ். கண்டெய்னர் என்று முதல் நாள் சொன்னபோது எனக்குத் தூத்துக்குடி ஹார்பருக்குப் போகிற லாரிதான் மனசில் வந்தது, பைபாஸில் அது கடக்கும்போது பக்கத்தில் நிற்கிறவர்கள் சட்டை படபடக்குமே, அது. செல்வின் அண்ணன் அதையே பிடித்துக்கொண்டார். ஆமா அதேதான், பெரிய கம்ப்யூட்டர் ஒண்ணு, அதுக்குள்ள வரிசையா பெட்டி, ஒவ்வொரு பெட்டிக்குள்ளயும் ஒரு புரோகிராம், அதுக்கு வேண்டிய சோறு தண்ணி உள்ளயே இருக்கும், பக்கத்துப் பெட்டிக்காரன் யாருன்னே அதுக்குத் தெரியாது. அது சேர்த்து வைக்கிற சாமானை எங்கே வைக்கும் என்று கேட்டேன். வெளிய ஒரு மூட்டை, வால்யூம்னு பேரு, பெட்டியத் தூக்கிப் போட்டாலும் மூட்டை கெடக்கும், வேற பெட்டி வந்து எடுத்துக்கிடும். வரலன்னா? வரலன்னா கெடக்கும். யாருக்குன்னு? யாருக்கும் இல்ல பிள்ள, சும்மா கெடக்கும் என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தப் பெரிய கம்ப்யூட்டர்தான் இன்றைக்கு முட்ட முட்ட நிறைந்துவிட்டது. எதைச் செய்யச் சொன்னாலும் இடம் இல்லை இடம் இல்லை என்கிறது, தீபாவளிக்கு முந்தின நாள் பஸ் கண்டக்டர் மாதிரி. காலையில் சாருக்குப் போன் போட்டேன். பின்னால் வேதக்கோயிலில் ஞானப்பாட்டு, சார் வாயைப் பொத்திக்கொண்டு பேசினார். கவாத்து பண்ணிரு. என்னது சார்? ப்ரூன் பிள்ள, ப்ரூன் கமாண்டு, மரத்துல வேண்டாத கொப்பக் கவாத்து பண்ணுததில்லையா, அதான், யூஸ்ல இல்லாதது மட்டும்தான் போகும், மூட்டையும் சேத்துப் போடு. யூஸ்ல இல்லன்னு அதுக்கு எப்படி சார் தெரியும்? அதுக்குத் தெரியும். அதான் எப்படின்னு கேக்கேன். இசக்கி, பொண்ணு உள்ள வந்தாச்சு, எல்லாரும் எந்திக்காங்க, ஒய்ய அமுக்கு, வை. வைத்துவிட்டார். ஓடுகிற பெட்டி எதுவும் ஒரு மூட்டையைக் கையில் பிடித்திருக்கவில்லை என்றால் அது யூஸ்ல இல்லை. அவ்வளவுதான் அதற்குத் தெரிந்தது. யாராவது அதை நினைத்துக்கொண்டிருக்கலாம், எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருக்கலாம், அதெல்லாம் அதன் புத்தியில் ஏறாது.

அமுக்கியிருப்பேன். அமுக்கிவிட்டு இந்நேரம் தூங்கியிருப்பேன். அதற்கு முன்னால் என்னென்ன போகப்போகிறது என்று திரையிலேயே பக்கத்து ஜன்னலில் எடுத்துப் பார்த்தேன் பாருங்கள், அதுதான் வினை. தொடாதே. தொடாதே ரெண்டு. சார் தொடாதே. அப்புறம். அப்புறம் பாக்கலாம். கடைசி. கடைசி கடைசி. அம்மா சத்தியமா கடைசி. எல்லாம் தமிழ்தான், அடித்திருப்பது மட்டும் இங்கிலீஷ் எழுத்தில். இந்த ஆபீஸ் வழக்கம் அது, ஒருத்தரும் எதையும் அழிக்க மாட்டார்கள், மேலே தொடாதே என்று பேர் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். வருகிறவன் தொடாமல் பக்கத்தில் இன்னொன்றை வைத்து அதற்கும் தொடாதே என்று பேர் வைப்பான். அழிக்கிறவன் வில்லன், சேர்க்கிறவன் யாரும் கிடையாது, கம்ப்யூட்டர் தானாக நிறைந்தது. சரி, இதெல்லாம் கைப்பை அளவு. நடுவில் ஒன்று நெல்லு மூட்டை மாதிரி உட்கார்ந்திருக்கிறது, மொத்த இடத்தில் பாதி அதுதான், அது ஒன்று போனால் போதும், மற்ற எல்லாம் மூச்சு விடும். அதன் பேர் vidu. வி, ஐ, டி, யு. வேறு ஒன்றும் இல்லை. எந்தப் பெட்டியும் அதைப் பிடித்திருக்கவில்லை, பிடித்திருந்த பெட்டியை சார் போன வாரமே தூக்கிப் போட்டுவிட்டார். மூட்டையை முதலில் கட்டி வைத்தது யார் என்று பார்த்தால் செல்வின் அண்ணன். விடு. விடு என்றால் தொடாமல் விடு என்பதா, தொலைந்து போகட்டும் விடு என்பதா. இல்லை வீடா. இங்கிலீஷ் எழுத்தில் குறிலுக்கும் நெடிலுக்கும் வித்தியாசம் காட்ட வேண்டுமென்றால் இன்னொரு எழுத்து அடிக்க வேண்டும், செல்வின் அண்ணன் அடிக்க மாட்டார், சாப்டியா என்பதையே உயிரெழுத்து ஒன்றும் இல்லாமல் நாலு எழுத்தில் அனுப்புகிற ஆள், அதைப் படித்துவிட்டு செத்துட்டியா என்று கேட்கிறாரோ என்று நான் பயந்தது உண்டு. ஒரே ஒரு எழுத்துச் சோம்பல். கட்டம் மினுங்குகிறது. கண் சொக்குகிறது. கீழே தண்ணீர்.

போன் மேசையில் நகர்கிறது, வண்டு மாதிரி, பேச்சித்தாய் அக்கா. ஆற்றங்கரைத் தெருவில் இருக்கிறவர். வெள்ளத்தில் அந்தத் தெருவில் இடிந்த வீடுகளுக்குப் பதில் புது வீடு கேட்டு ஒரு டிரஸ்ட் சர்க்காருக்கு எழுதுகிறது, அந்த டிரஸ்டுக்கு போட்டோ ஏற்றுகிற ஆப் எங்கள் ஆபீஸ் செய்தது, தெருவில் நின்று போட்டோ எடுக்கிறது இந்த அக்கா. ஏ பிள்ள, ஏறுதா? ஏறலக்கா. காலைல இருந்து வட்டமா சுத்திக்கிட்டே கெடக்கு, அதப் பாத்துப் பாத்து எனக்குத் தலை சுத்துது. இடம் இல்லையாம்க்கா. எங்க இல்ல? கம்ப்யூட்டர்ல. அட, அதுக்கும் எங்கள மாதிரியே ஆயிப்போச்சா, தார்ப்பாய் வேணும்னா ஒண்ணு தாரேன் கட்டிக்கிடச் சொல்லு என்று அக்கா சிரிக்கிறார், பின்னால் ஒரு கோழி கத்துகிறது. முதல்ல ஒரு தடவ எடுத்தாங்களே, அந்த போட்டோ எல்லாம் எங்கக்கா? அது காணாமப் போச்சுன்னு ஒங்க சார்தான சொன்னாரு, அதனாலதான மறுபடி எடுக்கேன். தண்ணி வடிஞ்ச அன்னைக்கே செல்வின் தம்பி சேத்துக்குள்ள நடந்து வந்து தெருப் பூரா எடுத்துச்சு, செவுத்துல கறை கோடு கிழிச்ச மாதிரி நின்னுச்சு அப்ப, இப்ப எதை எடுக்க, பின்செவுரு இடிஞ்சாலும் பொங்கலுக்கு முன்செவுத்துக்கு வெள்ளையடிச்சாச்சு எல்லாரும். வெள்ளச் செவுத்த எடுத்து அனுப்புனா என்னக்கா தெரியும்? வெள்ளச் செவுருதான் தெரியும், என்ன கேள்வி கேக்க நீ. கணக்கெடுக்க வந்தவன் எங்க தெருவுக்கு முட்டளவு தண்ணின்னு எழுதிட்டுப் போயிட்டான், பள்ளிக்கூட மாடியில ஏறி நின்னு உசுரக் காப்பாத்துனவங்களப் பாத்து முட்டளவு. முட்டளவு தண்ணிக்கு வீடு இடிஞ்சா அது வீட்டுக்காரன் குத்தமாம், புது வீடு கெடையாதாம். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள போட்டோ போனா மறுபடி பாப்பாங்க, இல்லன்னா எழுதுனது எழுதுனதுதான். நீ எப்படியாவது அங்கன இடத்த ஒதுக்கு தாயி. வைத்துவிட்டார். யாரும் என்னைத் தாயி என்று கூப்பிடக் கூடாது என்று சட்டம் போட வேண்டும்.

வீடு. அப்படியென்றால் அது வீடாக இருக்கலாம். இடத்தை அடைத்துக்கொண்டு கிடப்பதே அந்த வீடுகளாக இருக்கலாம். இருக்கலாம் என்பதை வைத்து என்ன செய்ய. செல்வின் அண்ணன் கல்யாண லீவில், சாரே தேடியிருக்கிறார், வெள்ளம் என்று தேடினார், மழை என்று தேடினார், தெருப் பேரைப் போட்டுத் தேடினார், இல்லை என்றார், சார் பொய் சொல்கிற ஆள் இல்லை, அவசரக்காரர், என்னைப் போல. அந்த வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது, நாங்கள் மேட்டில் இருக்கிறோம், கட்டில் மட்டத்தோடு நின்றுவிட்டது. வடிந்த பிறகு அறையைச் சுற்றி ஒரு பழுப்புக் கோடு, மூலை மூலையாகத் திரும்பி மறுபடி கதவுக்கே வந்து சேர்ந்தது, யாரோ பென்சிலை எடுக்காமல் ஒரே இழுப்பில் இழுத்த மாதிரி. கட்டிலில் படுத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோட்டுக்கு மேலே பழைய வீடு, காலண்டர், சாமி படம், சுவிட்சு. கோட்டுக்குக் கீழே வேறு ஏதோ ஊர், அங்கே மேசைக் கால்கள் மரம், செருப்புகள் படகு, நான் அந்த ஊருக்குள் கையை விட்டு எடுத்தால் கை குளிர்ந்துபோய் வரும் போல இருந்தது. எனக்கு அந்தக் கோடு பிடித்திருந்தது. சொன்னால் அடி விழும், சொல்லவில்லை. மறுநாள் விடியுமுன் அம்மா பிளீச்சிங் பவுடரும் தேங்காய் நாருமாக உட்கார்ந்துவிட்டாள், தேய்த்தாள், தேய்த்தாள், சீ பீடை என்று சொல்லிக்கொண்டே தேய்த்தாள், நான் எழுந்தபோது சுவரில் ஒன்றும் இல்லை, மூக்கெரிகிற வாடை மட்டும் இருந்தது. வெள்ளம் வந்தது என்று சொன்னால் சிரிப்பார்கள், அப்படிச் சுத்தம். சுத்தம் செய்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்குக் கையில் எவ்வளவு பலம் என்றுதான் பயமாக இருக்கிறது. என் சுண்டுவிரலுக்கு அவ்வளவு பலம் வேண்டாம், ஒய் ஒரு விசை, இறகு விழுகிற அளவுக்கு அமுக்கினால் போதும். பத்தாம் வகுப்பில் எஸ்தர் மிஸ் தமிழ் எடுப்பார்கள், மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு இலக்கணம், எல்லாரும் பாதி தூக்கம், மிஸ் மட்டும் தாலாட்டு மாதிரி கெடு கேடு, சுடு சூடு, விடு வீடு. முதனிலை திரிந்த தொழிற்பெயர். செய்கிற வேலையின் முதலெழுத்தை இழுத்தால் அது பெயராகிவிடும். விடுவதுதான் வீடு என்றார்கள், எல்லாத்தையும் விட்டா கிடைக்கிறது வீடு என்றார்கள், நான் எழுந்து, அப்ப வீட்டுக்கு விடுங்க மிஸ் என்றேன், வகுப்பே முழித்துக்கொண்டது. அன்றைக்கு எனக்குச் சிரிப்பு. இப்போது அதே இரண்டு சொல் இந்தத் திரையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. பள்ளிக்கூடத்தை விட்டேன் என்கிறேன். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டார்கள் என்கிறோம். மூச்சை விட்டான் என்றால் உயிரோடு இருக்கிறான், உயிரை விட்டான் என்றால் இல்லை. வழி விடு, ஆளை விடு, தண்ணி விடு. விடு விடு விடு என்று சொல்லிக்கொண்டே போனால் அர்த்தம் கழன்று ஓடிவிடுகிறது, சத்தம் மட்டும், சுவரில் தண்ணீர் அடிக்கிற மாதிரி.

யோசிக்க யோசிக்க இன்னொரு வீடு வருகிறது. செல்வின் அண்ணன் நாசரேத்தில் வீடு கட்டுகிறார், கல்யாணத்துக்காக, ஹாலில் இருந்து சமையலறை வரை நடந்து போகிற மாதிரி கம்ப்யூட்டரில் ஒரு படம் செய்து எங்கள் எல்லாருக்கும் காட்டினார், அதில் ஆளே கிடையாது, கதவு தானாகத் திறக்கும், சோபாவில் வெயில் விழும், ஜன்னலுக்கு வெளியே எந்த ஊரும் இருக்காது. வீட்டுக்குள்ள ஒரு பேயக் கூட்டிட்டுப் போறீங்களாண்ணே என்றேன், கொன்னுருவேன் என்றார். அது பெரிய படம், அவர் லேப்டாப்பில் ஓடாது, இந்தப் பெரிய கம்ப்யூட்டரில்தான் எங்கேயோ போட்டுவைத்திருந்தார். அது இதுவாக இருந்தால் அமுக்கலாம், போனால் போகட்டும், அவருக்கு நிஜ வீடு வந்துவிட்டது. ஆற்றங்கரை வீடுகளாக இருந்தால் நிஜ வீடு யாருக்கும் வராது. ஒரே பேருக்குள் ஆள் இல்லாத வீடும் வீடு இல்லாத ஆட்களும். சாருக்கு அடித்தேன், எடுக்கவில்லை. வேறு வழி இல்லாமல் மாப்பிள்ளைக்கே அடித்தேன். யாரோ எடுத்தான். மாப்பிள்ள கேக் வெட்டுதாரு, யாரு? ஆபீஸ்ல இருந்து, அவசரம், அண்ணன்ட்ட குடுங்க. இன்னைக்குமா? ஏலே செல்வின், ஒன் ஆபீஸ்காரிக்கு இன்னைக்குக்கூட ஒன்ன விட மனசில்லலே என்று அங்கே யாரிடமோ கத்துகிறான், ஒரு கூட்டமே சிரிக்கிறது. அப்புறம் அண்ணன் குரல், வாய் நிறைய கேக். ஏன் வரல நீ, பிரியாணி என்னா ருசி தெரியுமா. அண்ணே ஒரே ஒரு கேள்வி, வி ஐ டி யுன்னு ஒரு மூட்டை போட்டிருக்கீங்கள்லா, அது என்னது? எது? வி ஐ டி யு! பேண்டு செட் தொடங்கிவிட்டது, டிரம்பெட் சத்தத்தில் என் காது அடைக்கிறது. கேக்கலட்டி, சத்தமாச் சொல்லு! வீடா விடாண்ணே! என்ன? வீடா! விடா! தனியாக ஒரு அறையில் எழுந்து நின்று கத்துகிறேன், கீழே தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது, பைக் கழுவுகிறவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பான். அண்ணன் சிரிக்கிறார். விடு இசக்கி, விடு, அதெல்லாம் விடு, இன்னைக்குப் போயி. கட்டாகிவிட்டது. மறுபடி அடித்தால் ஸ்விட்ச் ஆஃப்.

விடு என்றார். விடு என்று பதில் சொன்னாரா, என் கேள்வியை விடச் சொன்னாரா. கல்யாண மாப்பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. உட்கார்ந்தேன். நாற்காலி தண்ணீரில் இறங்குகிற மாதிரி மெதுவாக இறங்கியது, ஹைட்ராலிக் போய்விட்ட நாற்காலி, இருந்தாலும். எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது, யாரும் சொல்லப் போவதில்லை. சார் சொல்லிவிட்டார், அண்ணன் சொல்லிவிட்டார், இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள், அமுக்கு, விடு. அமுக்கினால் யாரும் என்னைத் திட்ட மாட்டார்கள். அதுதான் பிடிக்கவில்லை. திட்டு வாங்காமல் ஒரு தெருவை அழிக்கலாம் என்பது பிடிக்கவில்லை. என் என்று அமுக்கினேன். அதற்கு ஏமாற்றம் ஒன்றும் இல்லை, அடுத்த வரிக்குப் போய் மினுங்கியது. இனி அந்த மூட்டையை அவிழ்த்துப் பார்க்க வேண்டும். மூட்டையை நேராகத் திறக்க எனக்கு உரிமை கிடையாது, அழிக்க மட்டும் உண்டு, அந்தச் சாவி சாரிடம், சின்னதாக ஒரு புதுப் பெட்டியை ஓட்டி அது வழியாகத்தான் எட்டிப் பார்க்கலாம். ஓட்டினேன். இடம் இல்லை. மறுபடி. இடம் இல்லை. ஒரு கையகல இடம் இருந்தால் போதும், அது இல்லை. எதையாவது எடுக்க வேண்டும், எல்லாம் அடுத்தவன் தொடாதே. ஒன்றைத் தவிர. அந்த வரிசையில் கடைசிக்கு முந்தினது என்னுடையது. இவ்வளவு நேரமும் அதன்மேல் கண் படாத மாதிரியே படித்துக்கொண்டிருந்தேன், அதுவும் யாரும் பிடித்திருக்காத மூட்டைதான், ஒய் என்றிருந்தால் அதுவும் சேர்ந்து போயிருக்கும். எருமை. நான் செய்த விளையாட்டு. ஓர் எருமை ஆற்றில் நீந்துகிறது, அக்கரை தெரியாது, விசையைத் தட்டினால் தலையைத் தூக்கும், தட்டாவிட்டால் மூக்கு மட்டும் மேலே தெரிய மிதக்கும். ஜெயிப்பது கிடையாது. சாகவும் சாகாது. ஜெயிக்கலன்னா அது என்ன கேம் என்று சார் கேட்டார், அது எருமை சார் என்றேன். ஆபீசில் சேர்ந்ததில் இருந்து எல்லாரும் போன பிறகு உட்கார்ந்து செய்தது, தண்ணீரின் நிறம் மட்டும் எத்தனை தடவை மாற்றினேன், காலையில் ஒரு நிறம், மேகம் மூடினால் ஒன்று, எருமையின் முதுகில் வெயில் படுகிற இடம் சரியாக வரவே இல்லை, போன வாரம்தான் வந்தது. எனக்கென்று கம்ப்யூட்டர் கிடையாது. எருமை இருப்பது இங்கே மட்டும்தான், வேறு நகல் கிடையாது. வெளியே எடுத்து வைக்கவும் ஒரு பெட்டி ஓட வேண்டும், பெட்டி ஓட இடம் வேண்டும், இடம் வேண்டுமென்றால் எருமை போக வேண்டும், ஒரு வட்டத்துக்குள் அதுவும் நானும் சுற்றினோம். அழுகை வந்தது என்று எழுத மாட்டேன், வரவில்லை. அழிக்கச் சொல்லி அதன் பேரை அடித்தேன். மொத்தமாகச் சுத்தம் செய்யும்போதுதான் நிச்சயமா நிச்சயமா என்று கேட்கும். ஒன்றே ஒன்றைப் பேர் சொல்லி அழித்தால் கேட்காது. அழித்துவிட்டு, அடுத்த வரியில் அந்தப் பேரை ஒரு தடவை திருப்பிச் சொல்லும். எருமை என்றது.

புதுப் பெட்டி எழுந்தது. விடு மூட்டையை அதன் கையில் கொடுத்து அவிழ்க்கச் சொன்னேன். உள்ளே இருந்த பேரெல்லாம் எண்களாக ஓடியது, எண் எண் எண், கதவு எண்ணா வேறு எண்ணா தெரியவில்லை, நிறுத்தி ஏதோ ஒன்றைத் திறந்தேன். படம் மேலிருந்து கீழாக மெல்ல இறங்கியது, ஓடு, ஓட்டுக்குக் கீழே சுவர், ஈரச் சுவர், பிறகு அந்தக் கோடு. பழுப்பு. ஒரே இழுப்பு. கோட்டின்மேல் ஒரு கை. கிழவர் ஒருத்தர் சுவரோடு ஒட்டி நின்று கோட்டில் உள்ளங்கையை வைத்திருக்கிறார். அடுத்தது, ஒரு பெண், இடுப்பில் பிள்ளை, அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக் கோட்டில் வைத்திருக்கிறாள். அடுத்தது, அடுத்தது. செல்வின் அண்ணன் எல்லாரையும் கோட்டில் கை வைத்து நிற்கச் சொல்லியிருக்கிறார், சோம்பேறி, ஒரு எழுத்துப் போடச் சோம்பல்பட்ட ஆள், சேற்றுக்குள் வீடு வீடாகப் போயிருக்கிறார். எல்லாக் கையும் எதையோ நிறுத்தி வைத்திருக்கிற மாதிரி, எடுத்தால் மறுபடி ஏறிவிடும் என்கிற மாதிரி. அங்கிருந்தே நேராக டிரஸ்டுக்குப் போக வழி போட்டேன், ஒன்றொன்றாகப் போகத் தொடங்கியது, மணி மூன்றைத் தாண்டவில்லை. பேச்சித்தாய் அக்காவுக்கு அடித்தேன். எக்கா, வெள்ளச் செவுத்த எடுக்கத நிறுத்துங்க. ஏம்ட்டி, ஏறிருச்சா? பழசு கெடச்சிட்டு. எது? செல்வின் அண்ணன் எடுத்தது, பூரா இருக்கு, போய்க்கிட்டு இருக்கு. வெளையாடாத பிள்ள. எனக்கு வெளையாட்டெல்லாம் இல்லக்கா இப்ப. என் வீடு இருக்கா பாரு, பச்சைக் கதவு, வேப்ப மரத்துக்கு எதுத்தாப்புல. தேடினேன், கைகளுக்குள் கை, கோடுகளுக்குள் கோடு, அக்கா மூச்சு விடுகிற சத்தம் காதுக்குள். இருக்குக்கா, நீங்க நிக்கீங்க. நானா? நைட்டிக்கு மேல துண்டு போட்டிருக்கீங்க, தலை நனைஞ்சிருக்கு. சிரிக்கேனா? இல்ல. கோடு எங்கட்டி இருக்கு? நான் சொல்லுத உயரத்தக் கேட்டு எல்லாரும் சிரிக்கான், ஏத்திச் சொல்லாதன்னு என் மவனே சொல்லுதான், சொல்லிச் சொல்லி எனக்கே சந்தேகமாப் போச்சு, கண்ண நல்லாத் தொறந்து பாத்துச் சொல்லு. பார்த்தேன். சேற்றில் குதிகாலை எம்பி நிற்கிறார், வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி, தோள் கழன்றுவிடுகிற மாதிரி தூக்கி, விரல்களைச் சுவரில் விரித்து வைத்திருக்கிறார். விரல் நுனிக்கு மேலே வெறும் ஈரச் சுவர், இன்னும் ஒரு சாண் ஈரச் சுவர், அதற்கும் மேலேதான் அந்தப் பழுப்பு. எட்டலக்கா என்றேன். கை எட்டல.